மருந்தின் விலை – 9: மூன்று பூட்டுகளில் ஒன்று

முன்கதை

புனேயின் போபோடியில் முளா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தாபோடி வழியாகப் பழைய மும்பை சாலையிலேயே போனால் பிம்ப்ரி வந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, 1954-ல் இந்திய அரசு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது அங்கேதான். இந்தத் தொடரும் அந்த பெனிசிலின் ஆலையின் வாசலிலிருந்துதான் புறப்பட்டது.

பிறகு 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு வந்தோம். மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது. வேறு முறையில் செய்யத் தெரிந்தவர் அதே மருந்தைச் செய்து விற்கலாம். 1974-ல், ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கம் இளைஞர்களை உலுக்கிய நேரத்தில், மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் கூடி ‘மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள்’ என்ற வட்டத்தை அமைத்தார்கள். புனேயின் மருத்துவர் அனந்த் ஃபட்கே போன்றவர்கள் தேவையற்ற மருந்துகளையும் அநியாய விலையையும் எதிர்த்துப் பல ஆண்டுகள் எழுதினார்கள், பேசினார்கள். மருந்து விலை மாணவர்களும் தலையிட வேண்டிய விஷயம் என்பதை இந்த மண் அப்போதே பார்த்துவிட்டது.

போன வாரம் 2001 பிப்ரவரியில் நிறுத்தினோம். எய்ட்ஸுக்கான மூன்று மருந்துச் சிகிச்சையை ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தருவதாக மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது அறிவித்தார். அரசாங்கங்களுக்கு 600 டாலர். அதே சிகிச்சைக்கு மேலை நாடுகளில் 10,000 முதல் 15,000 டாலர் வரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைய மதிப்பில் 350 டாலர் என்றால் பதினாறாயிரம் ரூபாய் சொச்சம். 10,000 டாலர் என்றால் நாலரை லட்சத்துக்கும் மேல்.

மருந்து இருக்கிறது. விலை இறங்கிவிட்டது. வாங்கிக் கொடுக்க மருத்துவர்களும் தயார். அப்படியிருந்தும், உலகத்திலேயே அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகள் இருந்த தென்னாப்பிரிக்காவுக்குள் அந்த மருந்தைச் சட்டப்படி இறக்க முடியவில்லை.

தடுத்தது யார்?

* * *

ஹமீது சொன்ன மூன்று மருந்துகள் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். தென்னாப்பிரிக்காவில் இந்த மூன்றுமே காப்புரிமைப் பூட்டுக்குள் இருந்தன. லாமிவுடின் கிளாக்ஸோ கையில். நெவிரபின் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் கையில். ஸ்டாவுடினை ‘ஜெரிட்’ என்ற பெயரில் விற்றது அமெரிக்காவின் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்.

விற்றது அந்த நிறுவனம். ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் சொந்தக்காரர் என்று எழுதியிருந்தது வேறொரு பெயர்: யேல் பல்கலைக்கழகம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில் இருக்கும் யேலைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கோட்டையில் அதிகாரம் செய்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் அது. அவர் அங்கே சேர்த்த செல்வத்தில் ஒரு துளிதான் அந்தப் பெயரை வாங்கித் தந்தது. அது தனிக் கதை. நமக்கு இங்கே வேண்டியது அதன் மருந்தியல் ஆய்வகம்.

ஸ்டாவுடின் அங்கே பிறந்த மருந்தும் இல்லை. 1960-களில் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் புற்றுநோய்க்காக அதை உருவாக்கினார். அதற்கு அமெரிக்க அரசின் பணம் உதவியது. புற்றுநோய்க்கு அது பயன்படவில்லை. அலமாரியில் போய் உட்கார்ந்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, எய்ட்ஸ் அமெரிக்க இளைஞர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தபோது, யேலில் வில்லியம் புருசாஃபும் அவருடைய சகா டாய்-ஷுன் லின்னும் அதை எடுத்து எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. எச்.ஐ.வி. தன்னைப் பெருக்கிக்கொள்ள நம் செல்லுக்குள் புகுந்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதிக்கொள்கிறது. அந்த எழுத்துகளில் ஒன்றான தைமிடினைப் போலவே ஸ்டாவுடின் தோற்றம் காட்டும். வைரஸ் ஏமாந்து அதை எடுத்துக் கோத்துக்கொள்ளும். ஆனால் அடுத்த எழுத்து வந்து பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஸ்டாவுடினில் இல்லை. எழுத்து அதோடு நின்றுபோகும். வைரஸும் பெருக முடியாமல் நிற்கும்.

1980-ல் அமெரிக்கா கொண்டுவந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கும் பல்கலைக்கழகங்களே காப்புரிமை எடுக்கலாம், நிறுவனங்களுக்கு உரிமம் தரலாம் என்று வழிவிட்டிருந்தது. யேல் காப்புரிமை எடுத்தது. 1988-ல் பிரிஸ்டல்-மையர்ஸுக்குத் தனி உரிமம் கொடுத்தது. ‘தனி உரிமம்’ என்பதைக் கவனியுங்கள். இந்தக் கதை அதில்தான் முட்டி நிற்கப்போகிறது. 1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. 2000 வாக்கில் இந்த ஒரு மருந்திலிருந்து மட்டும் யேலுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் வந்துகொண்டிருந்தது.

யேல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாடுகள் அதிகமில்லை. அந்தச் சில நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. இந்தியாவில் அப்போது மருந்துக்குக் காப்புரிமையே இல்லாததால் சிப்லாவுக்குத் தடை இல்லை. ஆக, ஒரே மூலக்கூறு மும்பையில் எவரும் செய்யக்கூடிய சரக்கு; கேப் டவுனில் தொடக்கூடாத சொத்து.

* * *

கேப் டவுனுக்கு வெளியே கயலிட்ஷா என்ற பெரிய குடியிருப்பில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2000-ல் எச்.ஐ.வி. மருத்துவமனைகளைத் திறந்திருந்தது. திறந்தார்களே தவிர, நோயின் வேரைத் தொடும் மருந்து கொடுக்க வழியில்லை. வாய்ப்புண்ணுக்கும் காசநோய்க்கும் நிமோனியாவுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டே, நோயாளிகள் கண்முன் உருகுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போது எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் 40 லட்சத்துக்கும் மேல்.

ஹமீதின் விலை அறிவிப்பு வந்த அதே பிப்ரவரியில், அந்த அமைப்பு யேலுக்கு ஒரு கடிதம் எழுதியது. கேட்டது சிறிய விஷயம். இலவச மருந்து கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. ஸ்டாவுடினின் மலிவான நகல் மருந்தைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து ஏழை நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம், அதை உங்கள் காப்புரிமை தடுக்காமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

யேலின் பதில் சுருக்கமாக வந்தது. உரிமத்தை பிரிஸ்டல்-மையர்ஸுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டோம். இப்படிப்பட்ட வேண்டுகோளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே.

சட்டப்படி அந்தப் பதிலில் குறை காண முடியாது. ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. ஆனால் உலகின் செல்வமிக்க பல்கலைக்கழகங்களில் ஒன்று, தன் பெயரில் இருக்கும் சொத்தால் மனிதர்கள் சாகும்போது, இது என் கையில் இல்லை என்று சொல்லி நகர்ந்துகொள்ளலாமா? பெரும்பாலான கோரிக்கைகள் இந்த இடத்தில்தான் செத்துப்போகும். நிறுவனத்தைக் கேட்டால் பல்கலைக்கழகத்தைக் காட்டும், பல்கலைக்கழகத்தைக் கேட்டால் நிறுவனத்தைக் காட்டும். கேட்டவர் களைத்துப்போவார்.

இந்த முறை களைத்துப்போகாத ஒருவர் அந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தார்.

* * *

ஏமி கப்சின்ஸ்கி அப்போது யேல் சட்டப் பள்ளியில் முதலாண்டு மாணவி. காப்புரிமைச் சட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. படிக்க வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்களோடு தொடர்பில் இருந்தார். யேலின் பதில் வந்ததும் அவரும் அவர் தோழர்களும் மருந்து நிறுவனத்தின் வாசலுக்குப் போகவில்லை. தங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தை நோக்கித் திரும்பினார்கள்.

இந்தத் திருப்பத்தை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். மருந்து நிறுவனத்தின் வாசலில் மாணவர்கள் எத்தனை நாள் கோஷம் போட்டாலும் அது பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அது மாணவர்களின் முகத்தைத் தினமும் பார்த்தாக வேண்டும். அறிவு எல்லோருக்கும் என்று பட்டமளிப்பு மேடையில் சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சியின் பயன் சமுதாயத்தைச் சேர வேண்டும் என்று யேலின் காப்புரிமைக் கொள்கையிலேயே இருந்தது. மாணவர்கள் புதிய நியாயம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் எழுதி வைத்திருப்பதைச் செய்யுங்கள் என்றார்கள்.

முதுகலை ஆய்வு மாணவர்களின் சங்கம் கையெழுத்து இயக்கத்தைக் கையில் எடுத்தது. நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களும் மாணவர்களும் ஊழியர்களும் கையெழுத்திட்டார்கள். ஆய்வகத்தில் வேலை செய்பவர்களின் கையெழுத்துக்குத் தனி எடை உண்டு. அடுத்த ஸ்டாவுடினை உருவாக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

இந்த இடத்தில் ஒரு முதியவர் கதைக்குள் வருகிறார்.

வில்லியம் புருசாஃபுக்கு அப்போது வயது 80. வைரஸுக்கு எதிராக அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தான இடாக்ஸுரிடினைத் தந்தவர் அவரே. கண்ணில் வரும் ஹெர்பிஸ் தொற்றுக்கு அது பயன்பட்டது. மாணவர்கள் அவரை அணுகினார்கள். தான் கண்டறிந்த மருந்து ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு எட்டவில்லை என்பது அவரை வருத்தியிருந்தது. மாணவர்களின் பக்கம்தான் நான் என்று வெளிப்படையாகச் சொன்னார். மருந்தை இலவசமாகக் கொடுக்கட்டும், இல்லையென்றால் இந்தியாவோ பிரேசிலோ மலிவாகச் செய்து ஏழை நாடுகளுக்குத் தர விடட்டும் என்பது அவர் நிலை.

காப்புரிமை இல்லாவிட்டால் கண்டுபிடிப்பாளர்கள் உழைக்க மாட்டார்கள் என்று மருந்துத் தொழில் சொல்லிவந்தது. இங்கே கண்டுபிடிப்பாளரே எழுந்து நின்று, நான் உழைத்தது இதற்காக இல்லை என்றார். அதன் பிறகு யேலும் நிறுவனமும் அந்த வாதத்தை எந்த முகத்தோடு சொல்வது?

* * *

இது நடந்த 2001 மார்ச் மாதத்தில் பூமியின் மறுகோடியில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது.

மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழிவிடும் சட்டத்தை நெல்சன் மண்டேலாவின் அரசு 1997-ல் இயற்றியது. அதை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டிருந்தன. பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் 2001 மார்ச் 5 அன்று விசாரணை தொடங்கியது. ஜாக்கி அக்மத் முதலானோர் 1998-ல் தொடங்கிய ‘சிகிச்சைச் செயல் இயக்கம்’ தெருவில் திரண்டது. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கே நின்றன. மண்டேலா மீது வழக்குத் தொடுத்தவர்கள் என்ற பெயர் 39 நிறுவனங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த 39-ல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்பும் ஒன்று.

பிரிட்டோரியாவில் வெயில். நியூ ஹேவனில் குளிர்காலத்தின் கடைசி வாரங்கள். மார்ச் 12 அன்று நியூயார்க் டைம்ஸ், யேல் மாணவர்களின் கோரிக்கையையும் புருசாஃபின் ஆதரவையும் நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. அதுவரை வளாகத்துக்குள் இருந்த விவகாரம் அன்று காலை மருந்துத் தொழிலின் விவகாரமாகிவிட்டது.

இரண்டே நாட்கள்.

மார்ச் 14. தென்னாப்பிரிக்காவில் ஸ்டாவுடின் காப்புரிமையை வைத்து எவரையும் தடுக்க மாட்டோம் என்று பிரிஸ்டல்-மையர்ஸ் அறிவித்தது. யேலும் ஒப்புக்கொண்டது. நிறுவனம் தன் சொந்த மருந்தின் விலையையும் ஆப்பிரிக்காவுக்குக் குறைத்தது: ஸ்டாவுடினுக்கு நாளொன்றுக்கு 15 சென்ட். ஆண்டுக்கு 1,600 டாலர் அளவில் இருந்தது 55 டாலருக்கு இறங்கியது. கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு.

அறிவிப்பு வெளியான சில நாட்களில், மார்ச் 19 அன்று, புருசாஃப் அதே நியூயார்க் டைம்ஸில் தன் கதையைத் தானே எழுதினார். ஜூன் மாதம், தென்னாப்பிரிக்காவின் அஸ்பென் நிறுவனம் ஸ்டாவுடினைத் தயாரித்தால் வழக்குப் போடமாட்டோம் என்று யேலும் பிரிஸ்டல்-மையர்ஸும் ஒப்பந்தம் செய்தன. பிரிட்டோரியாவில் 39 நிறுவனங்களும் ஏப்ரல் 19 அன்றே வழக்கை வாபஸ் பெற்றுவிட்டன.

எல்லைகளற்ற மருத்துவர்களின் கடிதத்திலிருந்து மார்ச் 14 அறிவிப்பு வரை ஏறக்குறைய ஒரு மாதம். காப்புரிமை வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஒரு பூட்டு திறந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

* * *

ஏன் திறந்தது?

பெரியவர்களின் மனசாட்சி விழித்தது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிக் காரணம்கூட ஆகாது. கணக்கைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இந்த மருந்தை முழு விலைக்கு வாங்கியவர்கள் மிகச் சிலர். அங்கே விட்டுக்கொடுத்தால் யேலுக்கு வரும் 4 கோடி டாலரில் உறைக்கும்படி எதுவும் குறையாது. அது எல்லோருக்கும் தெரியும். நிறுவனங்கள் பயந்தது முன்னுதாரணத்துக்கு. இன்று ஆப்பிரிக்கா கேட்டால் நாளை அமெரிக்க நோயாளியும் ஏன் எனக்கு மட்டும் இந்த விலை என்று கேட்பாரே!

அந்தப் பயத்தை மீறி அவர்களை இறங்கி வரவைத்தது இரண்டு அழுத்தங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்ததுதான். பிரிட்டோரியாவில் 39 பேரில் ஒருவராக நின்று கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு, நியூ ஹேவனில் இன்னொரு போர்முனை திறப்பது கட்டுப்படியாகவில்லை. அதுவும் கண்டுபிடித்தவரே எதிர்ப்பக்கம் நிற்கும் போர்முனை.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. அமெரிக்கப் பதிவுகளில் இது பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறது. மாணவர்கள் கேட்டபோது மலிவான ஸ்டாவுடின் என்ற பொருள் உண்மையிலேயே உலகத்தில் இருந்தது. வெறும் கோரிக்கையாக இருந்திருந்தால், அந்த விலைக்குச் செய்யவே முடியாது என்று ஒரே வரியில் தள்ளியிருப்பார்கள். செய்துகொண்டிருந்தார்கள், மகாராஷ்டிராவில். 1970-ல் இந்திய நாடாளுமன்றம் எடுத்த முடிவும், பொதுத்துறை ஆய்வகங்களில் பயின்ற வேதியியலாளர்களின் கைத்திறனும் சேர்ந்த விளைவு அது. சிப்லாவின் முதல் எய்ட்ஸ் மருந்தான ஜிடோவுடினுக்கு வழிமுறை தந்தது ஹைதராபாத்தின் அரசு வேதியியல் ஆய்வு நிறுவனம். அங்கே அந்த வேலையை முன்னின்று நடத்திய ஏ.வி. ராமா ராவ், அதற்கு முன் புனே பாஷாணில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். யேல் மாணவர்களின் நியாயம் எடுபட்டதற்குப் பின்னால் புனேயின் ஆய்வகமும் நிற்கிறது.

* * *

ஸ்டாவுடினின் பூட்டு திறந்தது. மற்ற இரண்டு?

லாமிவுடினுக்கும் நெவிரபினுக்கும் தென்னாப்பிரிக்கர்கள் இன்னும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. ஹேசல் டாவ் என்ற எச்.ஐ.வி. உள்ள பெண்ணும் மற்றவர்களும் 2002-ல் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார்கள். 2003 டிசம்பரில் கிளாக்ஸோவும் போரிங்கரும் சமரசத்துக்கு வந்து நகல் நிறுவனங்களுக்கு உரிமம் தர ஒப்புக்கொண்டன. இதற்கிடையில், எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த அதிபர் தாபோ எம்பெக்கியின் அரசு, அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சையைத் தரத் தயங்கியது. விலை விழுந்த பிறகும் மனிதர்கள் செத்தார்கள். இதை மறைத்து வெற்றிக்கதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் வீட்டுக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சிப்லா 2001-ல் மூன்று மருந்துகளையும் ஒரே மாத்திரையில் அடைத்தது. பெயர் டிரையோமியூன். ஒரு மாத்திரைக்குள் ஸ்டாவுடின் 30 அல்லது 40 மில்லிகிராம், லாமிவுடின் 150, நெவிரபின் 200. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. உடல் எடை 60 கிலோவுக்குக் கீழே என்றால் 30, மேலே என்றால் 40. மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் சொத்தாக இருந்த நாடுகளில் இப்படி ஒரு மாத்திரையை எவரும் செய்திருக்கவே முடியாது. மூன்று முதலாளிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்துக்குக் காப்புரிமை இல்லாத இந்தியாவில் அதைச் செய்ய எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. படிக்கத் தெரியாத நோயாளிக்கும், கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் சிகிச்சையைக் கொண்டுபோக இந்த ஒரு மாத்திரையால் முடிந்தது.

உலகுக்கே மாத்திரை செய்த நாட்டில் நம் ஏழைகளுக்கு அது எப்போது கிடைத்தது?

போபோடியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, போசரியில், 1992-லிருந்தே தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவந்தது. மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் தொற்று அதிகமுள்ள மாநிலங்களின் பட்டியலில் இருந்தன. இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் வெளிப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில். அதுவும் ஒரு மாணவியின் உழைப்பு என்பதைச் சொல்லாமல் போக முடியாது. அந்த நாளிலிருந்து 18 ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரல் 1 அன்று, இந்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று.

ஹமீதின் அறிவிப்புக்கும் தாம்பரத்தின் முதல் மாத்திரைக்கும் நடுவே மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் 350 டாலர்கூடப் பெரும் தொகையாக இருந்த வீடுகளில் நடந்ததை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு பதைக்கிறது. கட்கி, போபோடி, தாபோடி பக்கத்துச் சால் குடியிருப்புகளில் இருந்த ஒரு தினக்கூலிக் குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பதினாறாயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்?

ஸ்டாவுடினின் பிற்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய அதே மருந்து, நீண்ட நாள் சாப்பிட்டவர்களின் கன்னங்களைக் குழியாக்கியது. பாதங்களில் தீயாய் எரிச்சல் தந்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக விட்டுவிடச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த நல்ல மருந்துகளின் விலையைக் குறைக்க மறுபடியும் ஒரு போராட்டம் தேவைப்பட்டது. ஒரு மருந்துக்கு ஒரு முறை போராடி ஜெயித்தால் போதாது என்பது நோயாளிகளுக்கு உடம்பிலேயே தெரிந்த பாடம்.

* * *

யேல் மாணவர்களுக்கும் அது சீக்கிரமே புரிந்தது.

மார்ச் 14 அன்று கிடைத்தது ஒரு நிறுவனத்தின் வாக்குறுதி. ஒரு நாட்டுக்கு, ஒரு மருந்துக்கு. அடுத்த மருந்துக்கு மறுபடியும் கடிதம், மறுபடியும் கையெழுத்து, மறுபடியும் பத்திரிகை. அடுத்த முறை புருசாஃப் போன்ற ஒருவர் கிடைப்பார் என்று என்ன நிச்சயம்? உரிமம் கைமாறிய பிறகு கெஞ்சுவதைவிட, கைமாறும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் என்ன?

அந்த யோசனையிலிருந்து பிறந்தது ‘இன்றியமையா மருந்துகளுக்கான பல்கலைக்கழகக் கூட்டணி’. யேலில் தொடங்கி மற்ற வளாகங்களுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. சட்ட மாணவர், மருத்துவ மாணவர், வேதியியல் ஆய்வு மாணவர் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததுதான் இதன் பலம். ஏழை நாடுகளில் நகல் மருந்தைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை உரிமத்திலேயே எழுதுங்கள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் கேட்டார்கள். 2006-ல் பிலடெல்பியாவில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 2007-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் இந்த வழியில் கொள்கை வகுத்தது.

எதிர்ப்பக்கத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு போதும். எம்ட்ரிசிடாபின் என்ற எய்ட்ஸ் மருந்தின் மீது தனக்கு வரவேண்டிய ராயல்டியை 2005-ல் எமரி பல்கலைக்கழகம் 52.5 கோடி டாலருக்கு விற்றது. ஒரே கையெழுத்தில் அவ்வளவு பணம் வரும்போது, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும் இருபது வயதுப் பிள்ளைகளின் குரல் எவ்வளவு தூரம் எட்டும்? எட்டிய இடங்களும் உண்டு, எட்டாத இடங்களும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வகங்களில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். தங்கள் மேசையில் உருவாகும் மூலக்கூறு எந்த ஒப்பந்தத்தோடு வெளியே போகிறது என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. 2001-ல் ஒரு முதலாண்டு மாணவி கேட்டாரே. அவர் இன்று அதே யேல் சட்டப் பள்ளியில் பேராசிரியர்.

* * *

நியூ ஹேவனில் மாணவர்கள் ஒப்பந்த வரிகளுக்காக மன்றாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், டெல்லியில் வேறொரு தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

1995-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது இந்தியா ஒரு கெடுவை ஏற்றுக்கொண்டிருந்தது. 2005 ஜனவரி 1 முதல் மருந்துகளுக்கும் காப்புரிமை தந்தாக வேண்டும். பிம்ப்ரியிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் மலிவு மருந்துகளைச் சாத்தியமாக்கிய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மையமே அன்றோடு போய்விடும். டிரையோமியூன் போன்ற மாத்திரையைப் புதிய மருந்துகளைக் கொண்டு இனி செய்ய முடியாது. யேலைப் போல உலகின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏழை நாடுகளுக்கு வழிவிட்டாலும், மருந்தைச் செய்து அனுப்பவேண்டிய இந்தியாவே பூட்டிக்கொண்டால்?

2005 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கடைசி நேர பேரத்தில் இடதுசாரி உறுப்பினர்கள் வலியுறுத்தி ஒரு சிறிய பிரிவு வலுவாக்கப்பட்டது: 3(டி). பழைய மருந்தை லேசாக மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பவரைத் தடுக்கும் பிரிவு. அடுத்த ஆண்டே, 2006 ஜனவரியில், அதை முதன்முதலாகச் சோதிக்கப்போகும் பெரிய விண்ணப்பத்தின் மீது சென்னைக் காப்புரிமை அலுவலகம் முடிவெடுத்தது. விண்ணப்பித்தது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். மருந்தின் பெயர் கிளிவெக். ரத்தப் புற்றுநோய்க்கானது.

சென்னை அதிகாரி முடியாது என்றார். நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது.

3(டி) அங்கே நிலைத்து நிற்குமா?

(அடுத்த வாரம்)